களைப்பா, பசியா

எங்கள் வீட்டில், பயணம் போய் வந்தவரை எழுப்பக் கூடாது. இது அண்ணி போட்ட சட்டம்.

அண்ணன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவான். வந்ததும் அண்ணி அவன் கையிலிருக்கும் பையை வாங்கி வைப்பார். முன்னறை மெத்தையைத் தட்டிப் போடுவார், ஜன்னல் திரையை இழுத்துவிடுவார், விளக்கை அணைப்பார், கதவை ஓசை வராமல் சாத்துவார். அதன் பிறகு எங்கள் வீட்டில் பாத்திரம்கூட வாய் திறக்காது. எனக்கு இருமல் வந்தால் அண்ணி பார்க்கிற பார்வையில் அது வந்த வழியே திரும்பிப் போய்விடும். அண்ணன் தானாக எழுந்து வந்த பிறகுதான் சாப்பாடு.

இதில் அண்ணிக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. எறும்பு. அண்ணன் படுத்து எழுந்து போனால் மெத்தை ஓரத்தில் எறும்பு வரிசை நிற்கும். நானும் அண்ணியும் படுக்கும் இடத்துக்கு அவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அண்ணி எறும்புப் பொடி வாங்கி வந்து மெத்தையைச் சுற்றித் தூவுவார். ஒருமுறை அண்ணனை இழுத்துக்கொண்டுபோய்ச் சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனைகூடச் செய்துவிட்டார். ஒன்றுமில்லை என்று வந்தது. பிறகும் எறும்பு வந்தது.

கோழிக்குஞ்சுகளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எறும்பைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் குஞ்சுகளுக்கு நடந்தது எல்லாம் அந்தச் சட்டத்திலிருந்துதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். வீட்டில் எனக்குப் பெயரே 'சந்தேகம்'தான். கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன், பார்த்தேனா என்று மறுபடி ஒருமுறை போவேன். அண்ணன்தான் அந்தப் பெயரை வைத்தான். "சந்தேகம் சாப்பிட்டுச்சா?", "சந்தேகம் எங்க போச்சு?" என்று அவன் கேட்பதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டை ஒட்டி முன்பு அண்ணன் வண்டி நிறுத்திய கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில்தான் அண்ணி குஞ்சு வளர்க்கிறார். பொரிப்பகத்திலிருந்து அன்று பிறந்த குஞ்சுகள் பெட்டிகளில் வரும். தகரத்தை வளைத்து வட்டமாகத் தடுப்பு கட்டி, தரையில் மரச்சீவல் பரப்பி, மேலே சூட்டுக்குச் சிவப்பு பல்புகள் தொங்கவிட்டு, அவை ஓரளவு தேறும்வரை வைத்திருக்க வேண்டும். பிறகு பெரிய பண்ணைக்காரர் ஒருவர் வந்து எடுத்துப் போவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. எங்கே போனாலும் ஒரு தொங்கு தராசும் வாளியும் கூடவே வரும். டீ கிளாஸைக் கையில் வாங்கும்போதும் எடை பார்ப்பதுபோலத்தான் வாங்குவார். குஞ்சு வந்த ஏழாம் நாள் வந்து எடை போடுவார். பிறந்தபோது இருந்ததைப் போல நாலு மடங்கு இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முதல் வாரத்தில் பின்தங்கிய குஞ்சு கடைசிவரை பின்தங்கியேதான் இருக்கும் என்பார்.

கொட்டகைக்கு வருமுன் அண்ணி குளிர்கிடங்கில் வேலை பார்த்தார். உறைந்த பெட்டிகளை எடுத்து அடுக்கும் வேலை. அதில் அவர் விரல்நுனிகள் மரத்துவிட்டன. ஊசியில் நூல் கோக்கும்போது நூல் கையில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். விரல் ஏமாற்றும் என்பதால் குஞ்சுகளின் காலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கால் ஜில்லென்று இருந்தால் பல்பை இறக்குவார். அப்படி ஒரு குஞ்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும்போது அவர் முகத்தில் வரும் அமைதியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அந்தக் கொட்டகைக்குத்தான் ஆபத்து வந்தது. தொடர்ந்து இரண்டு முறை குஞ்சுகள் தேறவில்லை. பாதி ஒரு அளவு, பாதி அதில் முக்கால் அளவு. தராசு வாளியை இறக்கிவிட்டு, கோபப்படாமல் சொன்னார்:

"இன்னொரு தடவ பாப்போம்மா. அதுவும் இப்படியே இருந்தா நான் வேற எடம் பாத்துக்கறேன். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் கத்தியிருந்தால் அண்ணி பதிலுக்குக் கத்தியிருப்பார். அவர் மெதுவாகச் சொன்னதால் அண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தராசு போய்விட்டால் மறுபடியும் குளிர்கிடங்குதான். அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மா வேறு அடிக்கடி போன் செய்து, "எப்ப வரீங்க, உங்க இடம் காலியாத்தான் இருக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் போன் வந்தால் அண்ணி பேசும்போதே இன்னொரு கையை அக்குளுக்குள் வைத்துக்கொள்வார்.

தீனிக் கடையை மாற்றினோம். மரச்சீவலை மாற்றினோம். ஒரு சத்து மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்தோம். எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அது மாற்றக்கூடிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

வாரத்தில் நான்கு நாள் நான் கோழி வளர்ப்பு மாலை வகுப்புக்குப் போகிறேன். அங்கே சேர்த்துவிட்டதும் அண்ணிதான். விண்ணப்பம் வாங்கும் வரிசையில் நான் நிற்கத் தயங்கியபோது தானே நின்று வாங்கி வந்தார். பாடம் நடத்துகிறவர் ஒரு கால்நடை மருத்துவர். பகலில் நாய் பூனைகளிடம் கடியும் கீறலும் வாங்கிக்கொண்டு மாலையில் எங்களுக்குப் பாடம் எடுக்க வருவார். இரண்டாம் முறை குஞ்சுகள் போன பிறகு ஒரு நாள் அவர் மஞ்சள் கருவைப் பற்றிச் சொன்னார். முட்டையில் மிஞ்சிய மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அதனால் இரண்டு மூன்று நாள் ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சாகாது. பெட்டியில் போட்டு எவ்வளவு தூரமும் அனுப்ப முடிவது அதனால்தான். இதுவரை எனக்கும் தெரியும்.

அடுத்து அவர் சொன்னதுதான் புதிது. சாகாது என்பது வேறு, வளரும் என்பது வேறு. அந்த மஞ்சள் கரு அவசரத்துக்கு என்று கட்டிக் கொடுத்த பொட்டலம். நோயை எதிர்க்கும் சத்தும் அதில்தான் இருக்கிறது. முதல் சில நாட்களில் குஞ்சின் உடம்பில் மற்ற எதையும்விட வேகமாக வளர்வது அதன் குடல். அந்தக் குடல் வளர உள்ளே தீனி போக வேண்டும். போகாவிட்டால் குடல் காத்திருக்கும், ஆனால் வளராமல் காத்திருக்கும். பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்தத் தொடக்கம் திரும்ப வராது.

எனக்கு அண்ணியின் விளக்கு ஞாபகம் வந்தது.

குஞ்சுகள் வந்து இறங்கியதும் அண்ணி செய்வது இதுதான். ஒவ்வொன்றாகத் தடுப்புக்குள் விடுவார், தண்ணீர் வைப்பார், சிவப்பு பல்பை மட்டும் விட்டுவிட்டு வெள்ளை விளக்கை அணைப்பார், கதவை ஓசை வராமல் சாத்துவார். பயணம் பண்ணி வந்தவர்கள் முதலில் தூங்க வேண்டும். தீனி எழுந்த பிறகு. முன்பெல்லாம் பொரிப்பகம் பக்கத்திலேயே இருந்தது. குஞ்சுகள் காலையில் வரும், மதியம்வரை தூங்கும், அதனால் பெரிய கேடு வரவில்லை. இப்போது அந்தப் பொரிப்பகத்தை மூடிவிட்டார்கள். தூரத்து ஊரிலிருந்து வண்டி வருகிறது. வந்து சேரவே பிற்பகல் ஆகிவிடும். அண்ணி விளக்கை அணைத்தால் மறுநாள் காலைதான் போடுவார்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. முதலில் எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று சந்தேகம். மறுநாள் மருத்துவரிடம் மறுபடி கேட்டேன், அவர் அதையே சொன்னார். பிறகு, எப்படிச் சொல்வது என்று சந்தேகம். 'உங்கள் பிரியம்தான் கெடுதல்' என்று யாரிடமாவது சொல்ல முடியுமா? அதுவும் எனக்குத் தட்டு வைக்கிறவரிடம்? ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது சுற்றி வளைத்துத் தொடங்கினேன்: தாய்க்கோழிகூடத் தெரியாமல் குஞ்சுக்குக் கெடுதல் செய்துவிடுமோ என்னவோ என்று. அண்ணி நுரைக் கையோடு திரும்பிப் பார்த்து, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுடி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தார். பழமொழிக்கு மேல் என்ன பேசுவது?

கடைசி வாய்ப்புக் குஞ்சுகள் வருகிற நாளும் வந்தது. அன்று மதியம் அண்ணனும் லாரியை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தான். வழக்கம்போல் திரை, விளக்கு, கதவு. நான் முதல் நாளே தண்ணீர்க் குடுவைகளைக் கழுவி, மருந்து தெளித்துக் காயவைத்து, எந்தெந்த இடத்திலிருந்து எடுத்தேனோ அந்தந்த இடத்தில் சரியாகத் திரும்ப வைத்திருந்தேன். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்திருக்க வேண்டும்.

வண்டி வழியில் பழுதாகி, நான் வகுப்புக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும் நேரத்தில் வந்து நின்றது. பெட்டிகளை இறக்கிய ஓட்டுநர் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, "கவலப்படாதீங்கக்கா, மூணு நாளைக்குச் சாப்பாட்ட வயித்துக்குள்ளயே கட்டிட்டு வந்திருக்குங்க" என்றார். அண்ணியும் சிரித்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போனேன்.

குஞ்சுகளை விட்டு முடித்தோம். அவை கொஞ்சம் கத்தின, பிறகு பல்புக்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடங்கின. "பாவம், எவ்வளவு களைச்சிருக்குங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே அண்ணி சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டு போனார்.

"அண்ணி, அணைக்காதீங்க."

"ஏன்?"

"தெரியல அண்ணி. ஒரு சந்தேகம்."

"உனக்கு எப்பதான் இல்ல?"

நான் சொல்லத் தொடங்கினேன். மஞ்சள் கரு, குடல், பொட்டலம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நடுநடுவே 'அப்படித்தான்னு நினைக்கிறேன்', 'தப்பாவும் இருக்கலாம்' என்று நானே சொன்னதை நானே அழித்துக்கொண்டிருந்தேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

"டாக்டரம்மா சரியாத்தான் சொல்லியிருப்பாங்க. ஆனா களைச்சுப் போய் வந்த உசுருடி. எழுப்பித் தின்னு தின்னுன்னா அதுக்கு இறங்குமா? உங்க அண்ணனையே எடுத்துக்கோ. வந்ததும் எப்படித் தூங்குறாரு? அந்தத் தூக்கம் இல்லன்னா அவரு உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"நான் தூங்கல" என்று ஒரு குரல் கேட்டது.

கொட்டகை வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தலை கலைந்திருந்தது. ஆனால் கண்ணில் தூக்கக் கலக்கம் எதுவும் இல்லை.

"ஏன், நாங்க சத்தம் போட்டோமா?" என்று அண்ணி பதறினார்.

"இல்லம்மா. பசியில எங்கேருந்து தூக்கம் வரும்?"

அண்ணி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் அவனையே பார்த்தார். "இன்னிக்கு வழியில சாப்பிடலயா?"

"இன்னிக்கு மட்டும் இல்ல." அண்ணன் வாசல் தூணைச் சுரண்டினான். "கடைசி பாதி தூரம் நான் எங்கயும் நிறுத்த மாட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்னு வந்துடுவேன். வந்தா நீ விளக்க அணைச்சுடுவ."

"எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆனதுலேருந்துதான்."

நான் தரையைப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் இருக்கலாமா என்று தெரியவில்லை. தடுப்புக்குள் நின்ற நான் குஞ்சுகளை மிதிக்காமல் வெளியே போக வழியில்லை.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?" என்றார் அண்ணி. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"நீ அந்தத் திரைய இழுத்துவிடுவ பாரு. கதவு கிறீச்சுன்னு கத்துமேன்னு கீல்ல எண்ணெய் விட்டு வச்சிருப்ப. அதையெல்லாம் பாத்துட்டு எப்படிம்மா சோறு போடுன்னு கேக்குறது? எனக்காக உலகத்துல ஒருத்தி கதவுக்கு எண்ணெய் விடுறா. அதவிடப் பசி பெருசாத் தெரியல." பிறகு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்போலத் தணிந்து, "சட்டப் பையில எப்பவும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். இருட்டுல படுத்துக்கிட்டே ரெண்டு தின்னுப்பேன்" என்றான்.

அண்ணி அவன் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எறும்பு."

"ஆமா, எறும்பு" என்றான் அண்ணன்.

முதலில் சிரித்தது யார் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நானாகத்தான் இருக்கும். அண்ணி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைத்த பிறகும் சிரித்தார். "அதுக்கு ரத்தம் வேற குடுத்துட்டு வந்தாரு மனுஷன்" என்றார். அண்ணன் குனிந்து, பல்புக்கு அடியில் ஒடுங்கியிருந்த குஞ்சுகளைப் பார்த்தான்.

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது, சரி. கோழி தூங்க வச்சா என்ன ஆகும்னு யாரும் சொல்லி வைக்கல. இதுங்க தூங்குதுங்கன்னு நீ நினைக்கற. நான் படுத்துக் கெடந்த மாதிரிதான் எனக்குத் தெரியுது."

அண்ணி சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். வெள்ளை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"சந்தேகம், என்னடி பண்ணணும், சொல்லு" என்றார் என்னிடம். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் என்மேல் அது இல்லை. நான் பயந்தது அந்த வருத்தத்துக்குத்தான். அது எவ்வளவு சின்னதாக, எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதைப் பார்த்தபோது எனக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. "காகிதம் வேணும் அண்ணி" என்று மட்டும்தான் சொன்னேன்.

பழைய செய்தித்தாள்களை மரச்சீவலின் மேல் விரித்து, குருணைத் தீனியை அதன்மேல் தூவினோம். தட்டில் வைத்தால் தேடிப் போக வேண்டும், காகிதத்தில் போட்டால் காலுக்கு அடியிலேயே கிடக்கும். ஒரு குஞ்சு நடந்தால் காகிதம் சரசரக்கும், அந்தச் சத்தத்துக்கு இன்னொன்று வரும். பாடத்தில் அப்படித்தான். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவை நின்ற இடத்திலேயே நின்றன. அண்ணி மண்டியிட்டு உட்கார்ந்து நகத்தால் காகிதத்தைக் கொத்துவதுபோல் தட்டினார். ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. தட்டினார். அது வந்து அவர் நகத்தைக் கொத்தியது, பிறகு நகத்துக்குப் பக்கத்திலிருந்த குருணையைக் கொத்தியது. அதைப் பார்த்து இரண்டு வந்தன. கொஞ்ச நேரத்தில் கூரையில் தூறல் விழுவதுபோல் கொட்டகை முழுக்கச் சத்தம் கேட்டது.

"இப்ப நீங்க" என்று அண்ணி அண்ணனைப் பார்த்து எழுந்தார்.

"இதுங்க முடிக்கட்டும். எனக்கு இது பழக்கம்தானே" என்றான். அண்ணி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கும் வேலை எனக்கு. குஞ்சின் கழுத்துக்குக் கீழே நெஞ்சின் வலப்பக்கம் ஒரு சின்னப் பை இருக்கும், தின்றது முதலில் அங்கேதான் தங்கும். மெதுவாகத் தொட்டால் தெரியும். அண்ணியின் விரல்களால் அது முடியாது, அதனால் என் விரல்தான். இருட்டத் தொடங்கும்போது அங்கங்கே சில குஞ்சுகளை எடுத்துத் தொட்டேன். பை காலியாக இல்லை. ஆனால் கெட்டியாக இருந்தது. சின்னக் கல்லைப்போல. இன்னொன்று, அதுவும் கல். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி தொட்டேன், என் விரலும் மரத்துவிட்டதோ என்று. தீனி போயிருக்கிறது, தண்ணீர் போகவில்லை. தண்ணீர் இருக்கிறது. குடுவைகள் நிரம்பித்தான் இருக்கின்றன. பிறகு ஏன்?

என்னால்தான் இப்படி ஆயிற்று என்று எனக்குத் தோன்றிவிட்டது. பேசாமல் தூங்க விட்டிருந்தால் பழையபடி பாதியாவது தேறியிருக்கும். அண்ணி மறுபடியும் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குவதை மனக்கண்ணில் பார்த்தேன். உள்ளே போய், "கல்லு மாதிரி இருக்கு அண்ணி" என்றேன்.

மூன்று பேரும் கொட்டகைக்கு வந்தோம். அண்ணி ஒரு குஞ்சை எடுத்துக் கால்களைக் கன்னத்தில் வைத்தார். சூடு சரியாக இருக்கிறது என்றார். தண்ணீரில் விரலை விட்டார், தெரியாததால் முழங்கையை விட்டுப் பார்த்தார். ஜில்லென்றும் இல்லை. அண்ணன் வயிறு நிறைந்த நிம்மதியில் தடுப்புக்கு வெளியே தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். அவன் தூங்கப் போகிறான் என்றே நினைத்தேன்.

"ஏ சந்தேகம், பாலத்துக்கு அடியில வண்டி போகுமான்னு இப்படித்தான் பாப்போம்" என்றான். "தண்ணி மாடியில இருக்கு. இதுங்க தரையில நிக்குதுங்க."

குடுவைகள் செங்கல்மேல் இருந்தன. போன முறை வந்த குஞ்சுகள் வளர வளர, மரச்சீவல் தண்ணீரில் விழாமலிருக்க, ஒவ்வொரு செங்கலாக உயர்த்தி வைத்தது. போன முறைக் குஞ்சுகள் வளர்ந்து போய்விட்டன, செங்கல் போகவில்லை. நான்தான் கழுவி, காயவைத்து, எடுத்த இடத்தில் அணுவளவும் பிசகாமல் திரும்ப வைத்திருந்தேன். எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறவள், செங்கலை மட்டும் ஒருமுறையும் பார்க்கவில்லை.

அழுகை வரும்போல இருந்தது. அண்ணி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு செங்கலை உருவி என் கையில் கொடுத்தார்.

"நான் தூங்க வச்சுக் கெடுத்தேன், நீ மாடியேத்திக் கெடுத்த. கணக்கு சரியாப் போச்சு. இந்தா, பிடி."

குடுவைகளைத் தரைக்கு இறக்கினோம். அண்ணன் ஒரு குஞ்சின் அலகை மெதுவாகத் தண்ணீரில் தொட்டு எடுத்தான். அது தலையைத் தூக்கி விழுங்கியது. பக்கத்தில் நின்றது அதைப் பார்த்துத் தானே குனிந்தது. அன்று வகுப்புக்குப் போகவில்லை. வகுப்பு தொடங்கியதிலிருந்து நான் போகாத முதல் நாள் அதுதான்.

மறுநாள் காலை, கண்ணைத் திறந்ததும் கொட்டகைக்குத்தான் போனேன். எடுத்துத் தொட்ட முதல் குஞ்சின் பை நிறைந்து, பிசைந்த மாவுபோல் மெத்தென்று இருந்தது. இரண்டாவதும். வேண்டுமென்றே ஓரத்தில் தனியாக நின்றதைப் பிடித்துத் தொட்டேன், அதுவும். "எப்படி இருக்கு?" என்று அண்ணி பின்னாலிருந்து கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து அந்தப் பையின்மேல் வைத்தேன். விரலுக்குத் தெரியவில்லை. குஞ்சைத் தூக்கி, நெஞ்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். "தெரியுது" என்றார்.

எல்லாம் பிழைத்தன என்று எழுத ஆசை. அப்படி இல்லை. வரும்போதே கால் விரிந்திருந்த சில குஞ்சுகள் போய்விட்டன. ஒன்று காரணம் தெரியாமல் போனது. மற்றவை தின்றன, குடித்தன, தூங்கின. உண்மையாகவே தூங்கின. ஒட்டி ஒடுங்காமல், தடுப்பு முழுக்கப் பரவி, காலை நீட்டிக்கொண்டு. நிறைந்த தூக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகுதான், முன்பு நாங்கள் பார்த்தது வேறு என்று புரிந்தது.

ஏழாம் நாள் தராசு வந்தார். அண்ணி டீ கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார், இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு. தராசு வாளியில் குஞ்சுகளை எடுத்துப் போட்டார், தொங்கவிட்டார், பார்த்தார். கீழே விட்டார். வேறு குஞ்சுகளைப் போட்டார், பார்த்தார். பிறகு வாளியைக் கழற்றி, வெறும் தராசைப் பார்த்தார். அதை ஒருமுறை உலுக்கினார். மறுபடி போட்டார்.

"என் தராசு சரியில்லயோன்னு ஒரு சந்தேகம்" என்றார்.

என் வாழ்க்கையில் எனக்குப் பதிலாக வேறொருவருக்குச் சந்தேகம் வந்த முதல் தருணம் அது. நாலு மடங்குக்கு மேலேயே இருந்தது. அதைவிட, எல்லாம் ஒரே அளவில் இருந்தன. தராசு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தார்.

"அடுத்த தடவையும் இங்கயே இறக்கச் சொல்லிடறேன்மா. அதுக்கடுத்த தடவையும். என்ன பண்ணீங்க?"

அண்ணி கைகளை வெளியே எடுத்தார். "ஒண்ணும் பெருசா இல்லீங்க. வந்ததும் சாப்பாடு போட்டோம்" என்றார்.

அன்று மாலை குளிர்கிடங்கு அம்மாவின் போன் வந்தது. இடம் காலியாத்தான் இருக்கு என்று சொல்லியிருப்பார். அண்ணி அந்தப் பக்கம் பேசுவதை முழுதும் மரியாதையாகக் கேட்டு, இத்தனை நாள் இடம் வைத்திருந்ததற்கு நன்றி சொல்லி, இனிமேல் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். பேசும்போது இன்னொரு கை வெளியேதான் இருந்தது. அதில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது.

வகுப்பில் மருத்துவரிடம் நன்றி சொன்னேன். எதற்கு என்று கேட்டார். குடலுக்கு என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் நடந்ததைக் கேட்டார்; பை கல்லாக இருந்ததைச் சொன்னதும், குடுவை எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அப்போது அவரும் சிரித்தார்.

அண்ணன் அடுத்த பயணம் முடிந்து வந்தபோது அண்ணி திரையை இழுக்கவில்லை, விளக்கை அணைக்கவில்லை. மூடி வைத்த தட்டு காத்திருந்தது. அவன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. அண்ணி அவன் கழுத்துக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம், "பை நெறஞ்சிருக்கு" என்றார். பிறகுதான் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கீலில் எண்ணெய் இன்னும் இருந்தது.

எறும்பு வரவில்லை. அலமாரியில் எறும்புப் பொடி டப்பா அப்படியே கிடந்தது. அதைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"வேணாம்" என்றார். "சந்தேகத்துக்கு இருக்கட்டும்."

என்னைத்தான் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.